வாசலில் நிற்பவர்களுக்கு

திருச்சியில் மலைக்கோட்டைக்கு அருகே, தெப்பக்குளத்தை அடுத்து ஓங்கி நிற்கும் லூர்து அன்னை ஆலயத்தை அறியாதார் இலர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இயேசு சபைக் குருக்கள் எழுப்பிய ஆலயம் அது. லூர்து என்றவுடன் நாம் ஊற்று நீரையும் நலம் பெற்ற நோயாளரையுமே நினைக்கின்றோம். அவ்வூற்று பிறந்த விதத்தைச் சிந்திப்போர் சிலரே.

1858-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் மசபியேல் குகையில் அன்னை காட்சி தந்தபோது பெர்னதெத்துக்கு வயது 14. அம்மாதம் 24-ஆம் நாள், தவம் செய்யுமாறு அன்னை மும்முறை வற்புறுத்தினார். பாவிகளுக்காக மன்றாடவும் பணித்தார். மறுநாள் அச்சிறுமி முழந்தாளிட்டு மண்ணைத் தோண்டினாள், கலங்கிய நீரைப் பருகினாள், முகமெல்லாம் சேறாயிற்று. கூடியிருந்தோர், அவளுக்குப் பித்துப் பிடித்துவிட்டதென்று முகஞ்சுளித்தனர். இன்றளவும் இலட்சக்கணக்கானோர் தேடிச் செல்லும் ஊற்று அந்தச் சேற்றிலிருந்தே புறப்பட்டது.

இவ்வாறு மண்ணோடு மண்ணாகத் தாழ்வது அயல்நாட்டு வழக்கம் என்று எவரும் எண்ண வேண்டாம். காவிரிப் பாலத்தைக் கடந்தால் திருவரங்கம். பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாய் உள்ள எதனையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் அறிவித்ததன்றோ? ஆகவே, வைணவப் பெருமக்கள் போற்றும் விப்பிரநாராயணரின் வரலாற்றை இங்கே நினைப்பதில் தவறில்லை. நந்தவனம் அமைத்து அரங்கநாதருக்கு மாலை தொடுத்துவந்த அவர், தேவதேவி என்னும் கணிகைபால் மனமிழந்து தொண்டை மறந்தார், கைப்பொருளும் இழந்தார். கோவிலின் பொன்வட்டில் அவள் இல்லத்தில் காணப்படவே, திருட்டுப் பழியும் சிறையும் வந்துற்றன. விடுதலை பெற்றபின் அவர் இழந்த மதிப்பைத் தேடவில்லை. அடியார்களின் பாதம் கழுவிய நீரையே கழுவாயாக ஏற்றார் என்றும், தொண்டர்தம் காலடித் தூசி எனப் பொருள்படத் தொண்டரடிப்பொடி என்று பெயர் பூண்டார் என்றும் குருபரம்பரை நூல்கள் உரைக்கின்றன. தூசி என்று தம்மைச் சொல்லிக்கொண்டவர் அரங்கத்தை விட்டு ஓடினாரில்லை. அதே கோவிலில் பூத்தொண்டு புரிந்து, திருமாலையும் திருப்பள்ளியெழுச்சியும் பாடினார்.

நம் பங்குகளிலோ வெட்கம் பலரை வெளியே நிறுத்திவிடுகின்றது. பாவசங்கீர்த்தன இரகசியம் குருவுக்கு உயிரினும் மேலானது; அங்கே கேட்பதை நாம் எழுதோம். ஆலய முற்றத்திலும் மணவீட்டுப் பந்தலிலும் கேட்பதை எழுதலாம். “எனக்கெல்லாம் மன்னிப்பு ஏது சாமி? நான் செஞ்ச காரியம் அப்படி” என்று சொல்லி, பத்து இருபது ஆண்டுகளாக நற்கருணை வாங்காதிருப்போர் உண்டு. திருப்பலியில் கடைசித் தூணருகே நின்றுகொண்டு, பிள்ளைகளை மட்டும் நற்கருணை வரிசைக்கு அனுப்பும் தந்தையரை எந்தப் பங்குக்குரு அறியார்? என்றோ மன்னிக்கப்பட்ட பாவத்தை எண்ணி எண்ணி உறக்கமிழக்கும் தாய்மாரும் உளர்.

இதனைத் தாழ்ச்சி என்று பலர் கருதுகின்றனர். நம் எண்ணம் வேறு. தன் பாவம் இறைவனின் இரக்கத்தினும் பெரிது என்பவன், தன்னையறியாமலே இறைவனைச் சிறியவராக்குகின்றான்.

யூதாசைப் பாருங்கள். செய்தது பாவமென உணர்ந்தான், வருந்தினான், வாய்விட்டுச் சொன்னான், பெற்ற 30 வெள்ளிக்காசுகளையும் திருப்பிக் கொடுத்தான். பழைய ஞானோபதேசம் கற்றவர்கள் எண்ணிப் பார்த்தால், நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு வேண்டியவற்றுள் பெரும்பகுதி அவனிடம் இருந்ததைக் காண்பர்! அன்றிரவு இராயப்பர் செய்ததோ அழுதது ஒன்றே. ஆயினும் யூதாஸ் போனது, அது உன் பாடு என்று கைவிரித்த தலைமைக் குருக்களிடம். தான் காட்டிக்கொடுத்தவரிடம் திரும்ப அவன் துணியவில்லை. இராயப்பரோ, திபேரியாக் கடற்கரையில் நிற்பவர் ஆண்டவர் என்று கேட்ட மாத்திரத்தில், படகு கரைசேரும்வரை பொறாமல் நீரில் குதித்தார். கரையிலே அவருக்காகக் காத்திருந்தவை கரி நெருப்பும் மீனும் அப்பமும். மும்முறை மறுதலித்தவரிடம் ஆண்டவர் மும்முறை கேட்டதும் அன்பைப் பற்றியே.

இவ்வாறு நம்புவதனால் பிறர் பொருளைத் திருப்பித் தர வேண்டுவதில்லை என்றோ, பகைத்த அண்ணன் தம்பியின் வீட்டுப் படியேற வேண்டுவதில்லை என்றோ பொருள் கொள்ளலாகாது. அவை உரிய காலத்தில் செய்தே தீரவேண்டியவை. முதலில் கரைக்கு வாருங்கள்.

1973-இல் வெளியான புதிய ஒழுங்கின்படி, திரைக்குப் பின்னிருந்தும் சொல்லலாம். குருவின் எதிரே அமர்ந்தும் சொல்லலாம். சொந்தப் பங்குக்குருவிடம் சொல்லக் கூச்சமாயின் வேறு ஆலயத்துக்குச் செல்லுங்கள். அதற்காக எந்தக் குருவும் மனம் வருந்தார். ஆண்டுகள் பலவாயின, மனஸ்தாப மந்திரமும் மறந்துபோயிற்று என்றால் அதனையும் குருவிடமே சொல்லுங்கள். அவர் முன்சொல்ல, நீங்கள் பின்சொல்லலாம்.