உங்களுக்குத் தெரியுமா?
முள்கம்பி வேலி போட்ட தளபதி

மலேசியாவில் ரவாங்கை அடுத்த குண்டாங்கில் இன்றும் ஒரு புதுக்கிராமம் இருக்கிறது. இப்படிப்பட்ட கிராமங்களுக்குத் திட்டம் போட்டவர் லெப்டினன்ட் ஜெனரல் சர் ஹெரால்டு பிரிக்ஸ். பிரிட்டிஷ் இந்தியாவின் வடமேற்கு எல்லைப்புறத்தில் பலூச் படைப்பிரிவில் பணிபுரிந்தவர். பர்மாப் போரில் 5ஆவது இந்திய டிவிஷனை நடத்தியவர்.

ஓய்வு பெற்று சைப்ரஸில் இருந்தவரை 1950இல் மலாயாவுக்கு அழைத்தார்கள். கம்யூனிஸ்ட் போராளிகளுக்கு எதிராக பிரிட்டிஷ் அரசு அறிவித்த அவசரகாலம் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் வருவதற்கு முன்பே, 1948 டிசம்பரில், ரவாங்குக்கு வடக்கே பத்தாங் காலியில் ஆயுதமில்லாத 24 தோட்டத் தொழிலாளர்களை பிரிட்டிஷ் படை சுட்டுக் கொன்றிருந்தது.

காட்டுக்குள் இருக்கும் போராளிக்குச் சோறு போகும் வழியை அடைப்பதுதான் பிரிக்ஸின் கணக்கு. காட்டோரம் குடியிருந்த ஏறத்தாழ 5 லட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், முள்கம்பி வேலியிட்ட புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டார்கள். தமிழர்களும் தப்பவில்லை. சிதறிக் கிடந்த தோட்ட லயங்களை ஓரிடத்தில் சேர்த்து வேலியிட்டார்கள். பால்மரம் வெட்டப் போகிறவர்களை வாசலில் சோதித்தார்கள். பல இடங்களில் சோற்றுப் பொட்டலம்கூட வெளியே போகக்கூடாது. விடியுமுன் எழுந்து வெறும் வயிற்றோடு வேலை செய்தவர்களுக்கு இது பெருங்கொடுமை. போர் உத்தி என்று வரலாற்று நூல்கள் புகழ்வதை, அவர்களின் பசியோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

பிரிக்ஸ் 1951 இறுதியில் பதவி விலகி சைப்ரஸ் திரும்பினார். மறு ஆண்டே இறந்தார். அவசரகாலம் 1960 வரை நீடித்தது.

உங்கள் வீட்டில் அந்த வேலிக்குள் வாழ்ந்த பாட்டியோ தாத்தாவோ இருந்தால், இந்த வாரமே உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள்.