கப்பன் பூங்காவும் இரு மாளிகைகளும்

பெங்களூரின் நடுவேயுள்ள கப்பன் பூங்காவை நடந்தே காணவேண்டும். வண்டியில் விரைபவர்க்கு அது வெறும் நிழற்சாலையே. மைசூரின் தலைமைப் பொறியாளராயிருந்த ரிச்சர்டு சாங்கி 1870-இல் அதனை வகுத்தார். மூங்கிற் புதர்களையும் பாறைகளையும் கடந்து சென்றேன். மரங்களிடையே செந்நிற மாளிகையொன்று தோன்றிற்று. அதுவே அட்டாரா கச்சேரி. பதினெட்டு அலுவலகம் என்பது பொருள். திப்பு சுல்தானின் கோடை அரண்மனையில் இயங்கிவந்த அரசாங்கத் துறைகள் 1868-இல் இங்குக் குடிபுகுந்தன. இதைக் கட்டித் தந்தவர் ஆர்க்காடு நாராயணசாமி முதலியார் என்பதை நம் மாணவர் அறிதல் நன்று. இப்போது இங்கு உயர்நீதிமன்றம் நடைபெறுகிறது.

சாலைக்கு அப்பால், நேர் எதிரே, விதான சௌதா. 1951-இல் நேரு அடிக்கல் நாட்டினார்; 1956-இல் பணி முடிவுற்றது. நகரில் ஐரோப்பியப் பாணிக் கட்டடங்களே மிகுந்திருப்பதை ரஷ்யத் தூதுக்குழுவினர் சுட்டிக்காட்டியது முதலமைச்சர் கெங்கல் அனுமந்தையாவின் மனத்தைத் தைத்தது என்பர். எனவேதான் திராவிடச் சிற்பமுறையைத் தழுவிய இக்கருங்கல் மாளிகை, செந்நிறக் கட்டடத்துக்கு அளித்த மறுமொழிபோல எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் மக்கள் இரண்டையுமே தமதாக்கிக்கொண்டனர். 1980-களில் பழைய மாளிகையை இடித்துவிட யோசனை எழுந்தபோது, நகரத்தார் நீதிமன்றத்தை நாடித் தடுத்தனர். அவ்வழக்கு விசாரிக்கப்பட்டதும் அந்த மாளிகையினுள்ளேயே!