பூட்டிய வீடும் சோலைவரியும்

கண்டி நகரிலிருந்து கட்டுகஸ்தோட்டை வீதி வழியே மஹய்யாவ செல்வோர், கதவடைத்துக் கிடக்கும் பழைய இல்லங்கள் சிலவற்றைக் கண்டிருப்பர். பெற்றோர் மறைந்தனர்; மக்களோ கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழ்கின்றனர். கண்டி மழைக்கு ஓடு ஒன்று விலகினாற் போதும். வளை உக்கும், கறையான் ஏறும். அத்தகைய வீட்டைத் திருத்த முனைவோர்க்கு வரிச் சட்டம் துணையோ தடையோ என்பதை ஈண்டு ஆராய்வோம்.

சோலைவரிக்கு அடிப்படை 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச் சட்டம். வீட்டின் 'வருடாந்தப் பெறுமதி'யில் இத்தனை சதவீதம் என வரி விதிக்கப்படுகிறது. அப்பெறுமதி யாது? வீட்டில் ஆள் உண்டா இல்லையா என்பதன்று அளவு. வாடகைக்கு விட்டால் ஆண்டொன்றுக்கு என்ன வாடகை நியாயமாக எதிர்பார்க்கலாம் என்பதே அளவு. திருத்தச் செலவை உரிமையாளர் ஏற்பார் என்றும் அச்சட்டம் கருதிக்கொள்கிறது.

இதன் விளைவைச் சற்று எண்ணிப் பார்ப்போம். இடிந்த சுவரை எழுப்பி, கூரை மாற்றி, மின்சாரம் புதுக்கினால் எதிர்பார்க்கத்தக்க வாடகை உயரும். மறு மதிப்பீட்டில் வரியும் உயரும். சும்மா விட்டவர் குறைவாகச் செலுத்துவார். பொறுப்புடன் திருத்தியவர் மிகுதியாகச் செலுத்துவார். அதற்கு முன்னரே சீமெந்துக்கும் கம்பிக்கும் 2024 சனவரி முதல் 18 சதவீதப் பெறுமதி சேர் வரி கொடுத்திருப்பார். இதே மஹய்யாவயில் மாநகர சபைத் தொழிலாளர் குடும்பங்கள் இடநெருக்கடியில் வாழ்வதை அறிந்த நமக்கு இது உறுத்தாதிருக்குமோ?

பிரித்தானியாவில் நிலை வேறு. அங்குப் பொது விகிதம் 20 சதவீதமாயினும், ஈராண்டு ஆளின்றிக் கிடந்த வீட்டைப் புதுப்பிக்கும் வேலைக்கு 5 சதவீதமே. (2008க்கு முன்னர் மூன்றாண்டு வேண்டியிருந்தது.) 40,000 பவுண் வேலைக்கு 8,000க்குப் பதிலாக 2,000 பவுணே வரி. ஆயினும் நிபந்தனைகள் உண்டு. வரிப் பதிவுடைய ஒப்பந்தகாரர் செய்யும் வேலைக்கும் அவர் கொணர்ந்து பொருத்தும் பொருளுக்குமே சலுகை. உரிமையாளர் தாமே கடையில் வாங்கும் பொருளுக்கு முழு வரி. கட்டடக் கலைஞரின் கட்டணமும் சலுகைக்குப் புறம்பானது. வீடு வெறுமையாய்க் கிடந்தமைக்கு உள்ளூராட்சி மன்றத்தின் கடிதம் போன்ற சான்று வேண்டும். பத்தாண்டு குடியின்றிக் கிடந்த வீட்டைப் புதுப்பித்து விற்போர்க்கு அம்முதல் விற்பனைமீது பூச்சிய விகிதமே. இலண்டனிலுள்ள நம் நண்பர்கள் பழைய வீடு வாங்குமுன் இவற்றை அறிந்திருத்தல் நன்று.

நம் நாட்டுச் சட்டமும் பத்தாண்டைக் கணக்கிடுகிறது. ஆனால் வேறு காரியத்துக்கு! 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, பிறர் ஒருவர் நம் உரிமையை ஏற்காது, எதிராகவும் இடையூறின்றியும் பத்தாண்டு வீட்டை ஆண்டிருந்தால், அதனைத் தம்முடையதென வழக்காட இடமுண்டு. அங்கே பத்தாண்டு வெறுமைக்குச் சலுகை. இங்கே பத்தாண்டு கவனியாமைக்கு இழப்பு.

கைக்கெட்டும் சிறு சலுகைகளையேனும் நாம் விடலாகாது. ஆண்டு முழுமைக்குமான சோலைவரியைச் சனவரி 31க்கு முன் செலுத்தினால் 10 சதவீதக் கழிவு. காலாண்டு வரியை அக்காலாண்டின் முதல் மாதத்தில் செலுத்தினால் 5 சதவீதம். நிலுவை நீடித்தாலோ, ஆதனத்தையே கைப்பற்றி விற்கவும் சபைக்கு அதிகாரமுண்டு. திருத்த வேலையில் அமைப்பு மாறுமாயின் முன்னதாகவே சபையின் அனுமதி பெறல் வேண்டும்.

மதிப்பீடு மிகையெனத் தோன்றினால் எழுத்தில் ஆட்சேபிக்கலாம். அறிவித்தல் கிடைத்து ஒரு மாதமே அதற்குத் தவணை. வெளிநாட்டில் வாழ்வோர் தம் முகவரியைச் சபையில் பதிந்து, கண்டியிலுள்ள ஒருவரிடம் எழுத்து மூலம் பொறுப்பளித்தல் வேண்டும். இன்றேல் அவ்வறிவித்தல் பூட்டிய வீட்டின் கதவடியிலேயே மாதம் கடந்து கிடக்கும்.