கிட்னி மாற்று ஆபரேஷன் செய்தவர்களே உஷார்! ரத்தக்குழாயை தாக்கும் 'தூங்கும்' வைரஸ்

காட்டுப்பள்ளி,

காட்டுப்பள்ளி, எண்ணூர், திருவொற்றியூர் பகுதி மக்களுக்கு கிட்னி பழுதானால் கை கொடுப்பது ஸ்டான்லி, ராஜீவ்காந்தி அரசு ஆஸ்பத்திரிகள்தான். இரண்டிலும் கிட்னி மாற்று ஆபரேஷன் நடக்கிறது. முதல்-அமைச்சர் காப்பீட்டு திட்டத்திலும் இதற்கு இடம் உண்டு.

ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியதும் 'தப்பிச்சோம்டா சாமி' என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் அதற்கு பிறகுதான் கவனம் தேவை.

தூங்கும் வைரஸ்

சி.எம்.வி. எனப்படும் சைட்டோமெகலோ வைரஸ், நம் நாட்டில் பெரியவர்களில் பெரும்பாலானோர் உடம்பில் சத்தமில்லாமல் தூங்குகிறது. ஆரோக்கியமானவர்களை பொதுவாக அது ஒன்றும் செய்யாது.

புது கிட்னியை உடம்பு வேற்று ஆளாக நினைத்து தாக்கும். அதை தடுக்க டாக்ரோலிமஸ், ஸ்டீராய்டு போன்ற மாத்திரைகள் தருகிறார்கள். இவை எதிர்ப்பு சக்தியை குறைப்பதால், சமயம் பார்த்து வைரஸ் கண் விழிக்கிறது. தானமாக வந்த கிட்னி மூலமும் வரலாம். முதல் 6 மாதம் ரொம்ப முக்கியம்.

ரத்தக்குழாயில் என்ன நடக்கிறது?

ரத்தக்குழாயின் உள்சுவரில் மெல்லிய தோல் போன்ற செல் அடுக்கு உள்ளது. வைரஸ் அதற்குள் புகுந்து புண்ணாக்கும். சுவர் தடிக்கும், ரத்தம் உறையும். புது கிட்னியை உடம்பு நிராகரிக்கும் அபாயமும் கூடும். மாரடைப்புக்கும் இதற்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. பி.பி., சர்க்கரை, பீடி, சிகரெட்டும் சேர்ந்தால் ஆபத்து இரட்டிப்பு.

என்ன செய்யணும்?

காய்ச்சல், அசதி, வயிற்றுப்போக்கு, கண் மங்கல் வந்தால் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கி போட்டுக்கொண்டு ஷிப்ட்டுக்கு போகக்கூடாது. சில வலி மாத்திரைகள் கிட்னியையே கெடுத்துவிடும். உடனே ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்கு போக வேண்டும்.

பி.சி.ஆர். ரத்த பரிசோதனையில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துவிடும். வால்கான்சைக்ளோவிர் மாத்திரை, கான்சைக்ளோவிர் ஊசி மூலம் கட்டுப்படுத்தலாம்.

'மாத்திரையாலதானே வைரஸ் வருது' என்று சொந்தமாக மாத்திரையை நிறுத்துவது பெரிய தப்பு. சில நாள் விட்டாலே கிட்னி பறிபோகலாம். மாத்திரை அளவை கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் வேலை. பகல் ஷிப்ட், நைட் ஷிப்ட் எதுவானாலும் மாத்திரை நேரம் மாறக்கூடாது.

பெற்ற தாயோ, கட்டிய மனைவியோ கொடுத்த கிட்னி அது. ஒரு காய்ச்சலை அலட்சியம் செய்து அதை இழந்தால், மறுபடியும் டயாலிசிஸ்தான்.