காதுக்கும் ஓய்வு வேண்டும்

ஜெலுத்தோங்கிலிருந்து பாயான் லெப்பாசுக்குத் தினமும் பேருந்தில் வேலைக்குப் போகிறவள் நான். பேருந்து இரைச்சலில் பாட்டு சரியாகக் கேட்காது. கைப்பேசியில் ஒலியைக் கூட்டிக்கொண்டே போவேன். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா, "நல்ல பாட்டு மா" என்றார். என் காதுக்குள் ஓடிய பாட்டு அவருக்கும் கேட்டிருக்கிறது!

சிரித்துவிட்டேன். ஆனால் வீட்டுக்குள் நுழைந்ததும் அந்தச் சிரிப்பு போய்விட்டது. வாசல்வரை கேட்கும்படி தொலைக்காட்சி அலறிக்கொண்டிருந்தது. அப்பா பிறையில் இரும்புத் தகடு அழுத்தும் தொழிற்சாலையில் 27 ஆண்டுகள் வேலை செய்தவர். இன்று மூன்று தடவை கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். அவர் காது பிழைப்புக்காகப் போனது. என் காது பாட்டுக் கேட்டா போக வேண்டும்?

அன்றுதான் இரைச்சலை நீக்கும் வயர்லெஸ் ஹெட்போன் ஒன்று வாங்க முடிவு செய்தேன். நல்லவற்றின் விலை ஆயிரம் வெள்ளியைத் தாண்டும் என்பதால் விசாரிக்காமல் வாங்க மனம் வரவில்லை. அலுவலகத் தோழிகள் இருவரிடம் கேட்டு, சோனி டபிள்யூஎச்-1000எக்ஸ்எம்5, போஸ் குவையட்கம்ஃபர்ட் 45 இரண்டையும் ஆளுக்கு ஒரு வாரம் இரவல் வாங்கினேன். ஆப்பிளின் ஏர்பாட்ஸ் மேக்சைக் கடையில் போட்டுப் பார்த்தேன்.

இந்த நுட்பத்துக்குப் பின்னால் ஒரு வங்காளியின் மகன் இருக்கிறார். போஸ் நிறுவனத்தைத் தொடங்கிய அமர் போஸ், 1978ல் சூரிக்கிலிருந்து அமெரிக்காவுக்கு விமானத்தில் போனபோது, கொடுத்த ஹெட்போனில் விமான இரைச்சலை மீறி எதுவும் கேட்கவில்லையாம். பயணம் முடிவதற்குள் கணக்குப் போடத் தொடங்கிவிட்டார். 1989ல் விமானிகளுக்கான கருவியும், 2000ல் நம்மைப் போன்றவர்களுக்கான முதல் குவையட்கம்ஃபர்ட்டும் வந்தன. பினாங்குக்கும் இந்தத் தொழிலில் பங்கு உண்டு. பத்து காவானில் போஸ் தொழிற்சாலை அமைத்தது. சோனியின் பினாங்குத் தொழிற்சாலையும் மூடப்படும்வரை ஹெட்போன்கள் செய்தது.

இது வேலை செய்யும் விதம் எளிது. ஒலி என்பது அலை. ஹெட்போனில் உள்ள சிறு மைக்குகள் வெளி இரைச்சலைப் பிடிக்கும். அந்த அலை மேலே ஏறும்போது கீழே இறங்கும் எதிர் அலையை உள்ளேயிருக்கும் சில்லு உண்டாக்கும். இரண்டும் மோதினால் இரைச்சல் அடங்கிவிடும். ஆனால் என்ஜின், குளிர்சாதனம், மின்விசிறி போல ஒரே சீராக ஓடும் கனத்த ஒலியைத்தான் இது நன்றாக அடக்கும். குழந்தை அழுகை, ஹார்ன், பேச்சு முழுதாக மறையாது. அவற்றைக் குறைப்பது காதைச் சுற்றியுள்ள மெத்தைதான்.

முதல் வாரத்திலேயே எனக்கு ஒன்று புரிந்தது. ஒலியின் தரம் வேறு, அணியும் சுகம் வேறு என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. நான் கண்ணாடி போடுபவள். கண்ணாடிக் காம்பு மெத்தைக்கு அடியில் சிறு இடைவெளி விட்டது. அந்த வழியாக இரைச்சல் உள்ளே வந்தது, தவிலின் கனமும் வெளியே போய்விட்டது. மெல்லிய காம்புள்ள என் பழைய கண்ணாடியைப் போட்டதும் அதே ஹெட்போன் வேறு ஒன்றாகிவிட்டது. பெரிய தோடு, காதோரம் விழும் முடி, தலைத்துணி எல்லாமே இப்படி இடைவெளி விடலாம்.

எடையும் முக்கியம். போஸ் சுமார் 240 கிராம், சோனி சுமார் 250 கிராம். ஏர்பாட்ஸ் மேக்ஸ் சுமார் 385 கிராம். நம் ஊர்ப் புழுக்கத்தில் காதை முழுதாக மூடும் எந்த ஹெட்போனும் அரைமணியில் வியர்க்க வைக்கும். பேருந்து நிறுத்தம்வரை நடக்கும்போது கழுத்தில் மாட்டிக்கொள்வேன், ஏறியபின் போடுவேன். சாலையோரம் நடப்பவர்களுக்கு அதுதான் பாதுகாப்பும்கூட.

ஒலியில் சோனி என் காதுக்கு அடித்தாளத்தைக் கொஞ்சம் தூக்கிக் கொடுத்தது. போசில் பாடகரின் குரல் முன்னால் நின்றது. பேட்டரி, இரைச்சலை நீக்கியபடியே சோனியில் 30 மணி நேரம், போசில் 24 மணி நேரம் என்கின்றன நிறுவனங்கள். போஸ் மடங்கும், சிறு பைக்குள் அடங்கும். சோனியின் இந்த மாடல் மடங்காது. என் தலைக்கும் கண்ணாடிக்கும் போஸ் ஒத்துவந்தது. உங்கள் தலைக்கு எது என்பதைக் கடையில் குறைந்தது 20 நிமிடம் போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

பெரிய லாபம் வேறு இடத்தில் கிடைத்தது. இரைச்சல் அடங்கியதால், முன்பு முக்கால்வாசிக்கு மேல் ஏற்றிய ஒலி இப்போது பாதிக்கும் கீழே போதுமானதாக இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் வரை பாதுகாப்பு என்கிறது. 90 டெசிபல் ஆனால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். என் பழைய பயணக் கணக்கை நினைத்தால் பயமாக இருக்கிறது.

ஹெட்போனை அப்பாவின் தலையில் மாட்டிவிட்டேன். பொத்தானை அழுத்தியதும் மேலே பார்த்தார். "ஃபேன் நின்னுருச்சா மா?" ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. இரைச்சலால் கெடும் காதில் முதலில் போவது மேல்சுருதி ஒலிகள். அதனால்தான் ஃபேன் ஓசை கேட்கிறது, நாம் பேசும் சொற்கள் தெளிவாக விழுவதில்லை.

"எங்க காலத்துல இது இருந்திருந்தா!" என்றார். பாட்டுக் கேட்கும் ஹெட்போன் தொழிற்சாலைக்கான காதுக் கவசம் ஆகாது என்று சொன்னேன். அங்கே அதற்கென உள்ள கவசம்தான் வேண்டும். 2019ல் வந்த நம் நாட்டு விதிகளின்படி வேலையிடத்தில் நாளொன்றுக்கு 85 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது. அப்பா வேலையில் இருந்த காலத்து 1989 விதிகளில் அது 90.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ எனக்கு என்ன செய்யலாம்?" என்றார். இத்தனை ஆண்டுகளில் அவராகக் கேட்டது இதுவே முதல்முறை. அடுத்த வாரம் அப்பாவைச் செவிப் பரிசோதனைக்கு அழைத்துப் போகிறேன். எனக்கும் சேர்த்தே நேரம் வாங்கியிருக்கிறேன்.