மூளைக்குள் மூளும் அழற்சி

1906ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாள், செருமனியின் டியூபிங்கன் நகரில் கூடிய மனநல மருத்துவர் அவையில், அலோயிசு அல்சைமர் ஓர் அம்மையாரின் மூளையைப் பற்றி உரையாற்றினார். 51ஆம் வயதில் பிராங்பர்ட் மருத்துவமனைக்கு வந்த அகஸ்தே டேட்டர், தம் பெயரைக்கூட எழுதி முடிக்க இயலாதவராய் நலிந்து, அவ்வாண்டு ஏப்ரலில் உயிர் நீத்தவர். நரம்பணுக்களுக்கு வெளியே படிந்த திட்டுகளும் உள்ளே முறுக்குண்ட இழைகளும் அவ்வுரையால் மருத்துவ வரலாற்றில் இடம்பெற்றன. மறு ஆண்டு அச்சேறிய அறிக்கையில் இன்னொரு குறிப்பும் உண்டு: நரம்பணுக்களைச் சூழ்ந்து தாங்கும் கிளியா உயிரணுக்கள் மிகுதியாக இழை பெருக்கியிருந்தன, பலவற்றில் கொழுப்பு தேங்கியிருந்தது. திட்டுகளிலேயே கண் வைத்த ஆய்வுலகம் இக்குறிப்பை நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. அது பேரிழப்பு என்றே சொல்வேன்.

கிளியா வகைகளுள் மைக்ரோகிளியாவை 1919இல் தனியினமாகப் பிரித்துக் காட்டியவர் எசுப்பானிய அறிஞர் பியோ டெல் ரியோ ஓர்தேகா. கரு வளரும் தொடக்க நாள்களிலேயே மூளைக்குள் குடியேறிவிடும் நோயெதிர்ப்பு உயிரணுக்கள் இவை. வாளாவிருப்பவை என்றே இவற்றை முன்பு எண்ணினர். 2005இல், மெலிதாக்கிய மண்டையோட்டின் வழியே உயிருள்ள எலியின் மூளையை நுண்ணோக்கியால் நோக்கியபோது அவ்வெண்ணம் தகர்ந்தது. அவற்றின் மெல்லிய கிளைகள் ஓயாமல் நீண்டும் சுருங்கியும் சுற்றுப்புறத்தைத் துழாவிக்கொண்டிருந்தன. லேசர் ஒளியால் ஒரு சிறு புள்ளியில் காயம் உண்டாக்கியதும், சில நிமிடங்களில் அண்டையிலிருந்த கிளைகள் எல்லாம் அவ்விடம் நோக்கித் திரும்பி அதைச் சூழ்ந்துகொண்டன.

அல்சைமர் கண்ட திட்டுகளாகப் படியும் அமைலாய்டு பீட்டா என்னும் புரதம் திரளும்போதும் இதுவே நிகழ்கிறது. மைக்ரோகிளியா திட்டைச் சூழ்ந்து இறுக்குகிறது, இயன்றவரை விழுங்குகிறது, அயலிலுள்ள நரம்பணுக்களைக் காக்கிறது. இந்த எதிர்வினையே அழற்சி. அந்த அளவில் அது நன்மையே. தோலில் பட்ட காயம் ஆறினால் வீக்கம் வற்றிவிடும். அமைலாய்டோ ஆண்டுக்கணக்கில் அகலாது கிடக்கிறது. ஆகவே அழற்சியும் தணிவதில்லை. மைக்ரோகிளியாவுக்குள் என்.எல்.ஆர்.பி.3 என்னும் புரதக் கூட்டு உருவாகி, இன்டர்லூக்கின்-1 பீட்டா போன்ற அழற்சிப் பொருள்களைச் சுரக்கச் செய்கிறது. அவற்றோடு வெளியேறும் புரதத் துகள்கள் புதிய அமைலாய்டு திரள வித்தாவதை 2017இல் எலிகளில் கண்டனர். இன்னொரு கொடுமையும் உண்டு. வளரும் மூளையில் வேண்டாத நரம்பிணைப்புகளுக்குக் களையென்று குறியிடும் சி1கியூ புரதம், நோயுற்ற எலிகளில் திட்டுகள் தோன்றுமுன்னரே நல்ல இணைப்புகளின்மேல் படிகிறது. மைக்ரோகிளியா அவற்றை விழுங்கிவிடுகிறது. நினைவைத் தாங்குவன அவ்விணைப்புகளே அல்லவா!

அழற்சி அல்சைமர் நோயின் விளைவு மட்டுமே என்று வாதிட்டோருக்கு மரபணு ஆய்வு விடை தந்தது. மூளையில் பெரும்பாலும் மைக்ரோகிளியாவிலேயே இயங்கும் டிரெம்2 மரபணுவின் அரிய மாற்றம் ஒன்று, நோய்வாய்ப்பை ஏறத்தாழ மும்மடங்காக்குவதாக 2013இல் இரு குழுக்கள் தனித்தனியே வெளியிட்டன. அம்மாற்றம் காவலைத் தளர்த்துவது. மிகையான அழற்சி கேடு. குன்றிய காவலும் கேடு.

மருத்துவம் இடறியதும் இங்கேதான். முடக்குவாதத்துக்காக அழற்சி தணிக்கும் மருந்து உண்டோரிடம் மறதிநோய் குறைவாகத் தென்பட்டதால், 2001இல் அமெரிக்காவில் 70 வயது கடந்தோரிடம் நாப்ராக்சன், செலிகாக்சிப் என்னும் வலி மாத்திரைகளைச் சோதித்தனர். இதயத்துக்கு ஊறு நேரலாம் என்ற அச்சத்தால் 2004இல் மருந்தை நிறுத்தினர். நோயைத் தடுத்ததற்குச் சான்றும் கிட்டவில்லை. டிரெம்2-ஐத் தூண்டும் மருந்தொன்றும் 2024இல் நோயின் போக்கை மெதுவாக்கவில்லை. எந்தக் கட்டத்தில் அழற்சியை அடக்குவது, எந்தக் கட்டத்தில் காவலுக்கு ஊக்கமளிப்பது என்பதைத் துல்லியமாகக் கணிக்கும் வரை இவ்வழி கைகூடாது என்பது என் முடிபு.

ஆதலால், மறதி வராமல் தடுக்கும் என்று கருதி இத்தகைய வலி மாத்திரைகளை நாள்தோறும் உண்ண வேண்டா. மூளைக்கு அவற்றால் பயன் மெய்ப்பிக்கப்படவில்லை. இரைப்பைக்கும் சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் அவை விளைக்கக்கூடிய தீங்கு மெய்ப்பிக்கப்பட்டுள்ளது.