எந்தத் துணிக்கு எந்தத் தையல்?

அரிசி மூட்டையின் வாயைப் பிரிக்கத் தெரிந்தவர் கத்தரிக்கோல் தேடமாட்டார். சரியான முனையைப் பிடித்து நூலை இழுத்தால் மொத்தத் தையலும் சரசரவென்று கழன்று வந்துவிடும். மறுமுனையைப் பிடித்து எவ்வளவு இழுத்தாலும் இறுகுமே தவிர அவிழாது. அது சங்கிலித் தையல். ஒரு வளையத்துக்குள் அடுத்த வளையம், அதற்குள் இன்னொன்று என்று ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு போவது. கடைசி வளையத்தை விடுவித்தால் எல்லாம் வரிசையாக விட்டுவிடும். மூட்டைக்கு அதுதான் வேண்டும். அதே ஒற்றை நூல் தையலில் சட்டையின் கையைப் பிணைத்தால், ஓரிடத்தில் நூல் அறுந்ததும் கை கழன்றுவிடும்.

தையல் மிஷின் பிறந்தது இந்தச் சங்கிலித் தையலோடுதான். பிரான்சில் பார்த்தெலெமி திமோனியே என்ற தையற்காரர் 1830-இல் காப்புரிமை பெற்ற மிஷின் அதைத்தான் போட்டது. பாரிஸில் ராணுவச் சீருடை தைக்க அவர் நிறுவிய 80 மிஷின்களை, பிழைப்பு போய்விடும் என்று அஞ்சிய தையற்காரர்கள் 1831-இல் உடைத்துப் போட்டார்கள். அமெரிக்காவில் வால்டர் ஹன்ட் இரண்டு நூல்களைப் பிணைக்கும் மிஷினைச் செய்துபார்த்தார். ஆனால் அப்போது காப்புரிமை வாங்கவில்லை. 1846-இல் அதை வாங்கியவர் எலியாஸ் ஹோவ். ஐசக் சிங்கரின் மிஷினுக்குக் காப்புரிமை கிடைத்தது 1851-இல். நம் வீட்டு மிஷின் போடும் நேர்த்தையல் இந்த இரண்டு நூல் வழியில் வந்தது.

அது எப்படி விழுகிறது என்று ஒருமுறை புரிந்துகொண்டால், தையலில் வரும் பாதிச் சிக்கலுக்குக் காரணம் தானாகவே தெரிந்துவிடும். கை ஊசிக்குக் கண் பின்னால் இருக்கும். மிஷின் ஊசிக்கு நுனியருகே இருக்கிறது. ஊசி துணியைத் துளைத்து அடிமட்டம் வரை இறங்கி, சுமார் 2 மி.மீ. மேலே எழும்பும்போது, உடன் இறங்கிய நூல் துணியில் உரசி நின்றுவிடுவதால் ஒரு சின்ன வளையமாக உப்புகிறது. துணிக்கு அடியில் இருக்கும் ஷட்டிலின் கூர்முனை அந்த வளையத்தைக் கவ்வி, கீழ் நூல் சுற்றிய பாபினைச் சுற்றி இழுத்துப் போகிறது. அதாவது, ஒவ்வொரு தையலுக்கும் முழு பாபினும் அந்த வளையத்துக்குள் நுழைந்து வெளியே வருகிறது. பிறகு மேலே ஆடிக்கொண்டிருக்கும் இரும்புக் கை நூலைச் சுண்டி இழுக்க, மேல் நூலும் கீழ் நூலும் துணியின் நடுவில் பின்னிப் பூட்டிக்கொள்கின்றன. இத்தனையும் தொழிற்சாலை மிஷினில் நிமிடத்துக்கு 5,000 தடவை வரை நடக்கும். எனக்கு இதைவிட அழகான இயந்திர அசைவு வேறு இருப்பதாகத் தெரியவில்லை.

ஊசியைத் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் நீளமான பள்ளம். நூல் அதில் பதிந்து இறங்குகிறது. மறுபக்கம் கண்ணுக்கு மேலே சின்னக் குடைவு. வளையம் அந்தப் பக்கம்தான் உருவாகிறது. ஊசித் தண்டின் தட்டைப் பக்கமும் அதுதான். எனவே தட்டைப் பக்கம் ஷட்டிலின் கூர்முனை வரும் பக்கத்தைப் பார்த்தபடி ஊசியை மாட்ட வேண்டும். திருப்பி மாட்டினால், அல்லது ஊசி கொஞ்சம் வளைந்திருந்தால், கூர்முனை வளையத்தைத் தவறவிடும். ‘தையல் நழுவுது’ என்கிறோமே, அது இதுதான். இன்னொன்று: நூலின் ஒரே பகுதி ஊசிக் கண்ணுக்குள் பல தடவை ஏறி இறங்கிய பிறகுதான் துணியில் தங்குகிறது. பிசிறுள்ள மலிவு நூல் அடிக்கடி அறுவது அதனால்தான்.

இப்படிப் பூட்டிய தையல் ஓரிடத்தில் அறுந்தாலும் சங்கிலிபோல ஓடிப் பிரியாது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரியும். ரவிக்கையின் பக்கவாட்டில் உட்புறம் இரண்டு மூன்று வரி தையல் விடுகிறார்களே, அந்த ஏற்பாடு இந்தக் குணத்தை நம்பித்தான்: உடம்பு போட்டால் உள்வரியைப் பிரித்துவிடலாம், அடுத்த வரி தாங்கும். பிரிப்பதற்கும் வழி இருக்கிறது. ஒரு பக்கத்தில் நாலைந்து தையலுக்கு ஒன்றாக வெட்டிக்கொண்டே போய், மறுபக்கத்து நூலை இழுத்தால் துணி கிழியாமல் முழுதாக வந்துவிடும்.

ஆனால் நேர்த்தையல் இழுபடாது. பருத்தியில், பட்டில், நெய்த துணி எதிலும் இது குறையே அல்ல. பனியன் துணியில்தான் வினை. லெக்கின்ஸின் நடுத்தையல் உட்கார்ந்ததும் பட்டென்று தெறித்தால் எல்லாரும் நூலைத் திட்டுகிறார்கள். துணி நீள்கிறது, தையல் நீளவில்லை; நூல் என்ன செய்யும்? அங்கே தேவை சிக்சாக். தையல் 2 மி.மீ. முன்னேறுவதற்குள் ஊசி 4 மி.மீ. பக்கவாட்டில் போனால், நூல் கடக்கும் தூரம் ஏறக்குறைய 4.5 மி.மீ. துணியை இழுக்கும்போது அந்த உபரி நூல் நிமிர்ந்து இடம் கொடுக்கிறது. இந்தத் தையலுக்கான மிஷினுக்கு 1873-இல் காப்புரிமை பெற்றவர் ஹெலன் பிளாஞ்சார்ட் என்ற அமெரிக்கப் பெண்மணி. பனியன் துணியை இணைக்க அகலம் 1 மி.மீ. அளவுக்குக் குறுகலாக வைத்தால் போதும். எலாஸ்டிக் பிடிக்க அகலம் கூடுதலாக வேண்டும்.

திருப்பூரில் இந்த வேலையை வேறு மிஷின்கள் செய்கின்றன. ‘ஓவர்லாக், பேட்லாக் டெய்லர்கள் தேவை’ என்ற பலகைகளை அந்த ஊரில் பார்க்காமல் வரமுடியாது. இரண்டிலும் பாபின் இல்லை. லூப்பர் என்ற வளைந்த கொக்கிகள் நூலை வளையம் வளையமாகப் பின்னுகின்றன. ஓவர்லாக் மிஷினில் கத்தியும் உண்டு. அது ஓரத்தை வெட்டிச் சீராக்கும்போதே நூல் அதைச் சுற்றி மூடிவிடும். டீ-ஷர்ட்டின் கை மடிப்பில் வெளியே இரண்டு இணைக்கோடும் உள்ளே வலைப்பின்னலும் தெரிகிறதே, அது பேட்லாக். வளையத் தையல் என்பதால் துணியோடு சேர்ந்து நீள்கிறது.

ஓவர்லாக் இல்லாத வீட்டில் பிசிறுக்கு என்ன செய்வது? சிக்சாக் இருந்தால், ஒரு குத்து துணிக்குள்ளும் அடுத்தது ஓரத்துக்குச் சற்று வெளியேயும் விழும்படி ஓட்டலாம். நேர்த்தையல் மட்டும் தெரிந்த கால் மிஷின் என்றால், ஓரத்தை உள்ளே மடித்து அதன்மேல் இன்னொரு தையல் போடுங்கள். நல்ல ஆண்கள் சட்டையின் பக்கவாட்டுத் தையலைப் பிரித்துப் பார்த்தால் இந்த மடிப்பு தெரியும். ஓவர்லாக்கைவிட இதுதான் அதிகம் உழைக்கும் என்பது என் கருத்து.

தையல் நீளத்தைப் பலர் கவனிப்பதே இல்லை. சாதாரணத் துணிக்கு 2.5 மி.மீ., அதாவது அங்குலத்துக்குப் பத்துத் தையல், சரியாக இருக்கும். சுருக்கு வைக்க 4 மி.மீ.க்கு மேல் வைத்து இரண்டு வரி ஓட்டி, கீழ் நூலை இழுக்க வேண்டும். ரெக்சினில் பொடித் தையல் போட்டால் துளைகள் நெருங்கி, தபால்தலைத் தாள் கிழிவதுபோல அந்தக் கோட்டிலேயே கிழியும். ஒரு எச்சரிக்கை: பழைய சிங்கர் மிஷின்கள் சிலவற்றில் உள்ள எண் அங்குலத்துக்கு எத்தனை தையல் என்பதைக் குறிக்கும், எண் கூடினால் தையல் பொடியாகும். புதியவற்றில் எண் மில்லிமீட்டர், கூடினால் நீளும்.

துணிக்கு அடியில் நூல் குவிந்து சிக்கானால் பாபினைக் குடையாதீர்கள். கோளாறு அநேகமாக மேலேதான். மேல் நூல், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு இடையில் விழவில்லை என்று அர்த்தம். துணியை அழுத்தும் பாதத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நூலைக் கோத்தால் தட்டுகள் விலகி நூலை உள்ளே விடும். பாதம் இறங்கியிருக்கும்போது கோத்தால் அது வெளியிலேயே நின்றுவிடும்.

ஊசிக்கும் எண் உண்டு. 14 என்பது 0.9 மி.மீ. கனம், பாப்ளினுக்கு ஏற்றது. மெல்லிய பட்டுக்கு 11, ஜீன்ஸுக்கு 16 அல்லது 18. பனியன் துணிக்கு உருண்டை முனை ஊசி வாங்குங்கள். அது இழையை அறுக்காமல் விலக்கிக்கொண்டு இறங்கும்.

புதுத் துணியில் கைவைக்கும் முன் அதே துணியின் வெட்டுத்துண்டை, தைக்கப்போகும் அத்தனை அடுக்காக மடித்து, மேலே ஒரு நிறம் கீழே ஒரு நிறம் நூல் போட்டு ஒரு சாண் ஓட்டிப் பாருங்கள். மேல்பக்கத்தில் கீழ் நூலின் நிறம் புள்ளியாகத் தெரிந்தால் மேல் டென்ஷனைத் தளர்த்த வேண்டும். அடிப்பக்கத்தில் மேல் நூல் தெரிந்தால் இறுக்க வேண்டும். பிறகு தையலின் நீளவாக்கில் நன்றாக இழுங்கள். தெறித்தால் அந்தத் துணிக்கு அந்தத் தையல் வேண்டாம்.